தாம்பாளத்தில் வைத்த இரண்டு சிகரெட் டின்

ஆரோக்கியம்,

நீ கோபித்துக்கொண்டு அபிராமபுரத்தில் சிநேகிதன் அறையில் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் அத்தை சொன்னாள். நேரே வந்து பேசிவிடலாம் என்றுதான் செருப்பை மாட்டினேன். "நீ போய் வாயைத் தொறந்தா இன்னும் நாலு கலியாணம் நின்னுபூடும், எழுதிப் போடு" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். சரி, எழுதுகிறேன். தேர்டு பாரம் படிப்போடு நின்றவன் என்று இளக்காரமாய்ப் பார்க்காதே. சிகரெட் ஏஜென்சியில் நான் எழுதிய ரிப்போர்ட்டைப் படிக்க ஏஜெண்டு துரையே டிக்‌ஷனரியைத் தேடியிருக்கிறார், அத்தனை கடினமான இங்கிலீஷ். உனக்குத் தமிழ் போதும்.

உன்னைப் பெற்றவன் நானில்லை. என் அக்காளும் உன் அப்பாவும் ஒரே வருஷத்தில் போய்விட்ட பிறகு, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தச் சைதாப்பேட்டை வீட்டுக்கு வந்தவன். மார்க்கெட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் மகனே என்று நான் கூப்பிட உன்னைத் தவிர ஆள் கிடையாது. அதனால் இதை ஒரு அப்பன் எழுதுகிற கடிதமாக நினைத்துப் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னமலைக் கோவிலில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் காது சுடுகிறது. உன் பேரும் பிலோமினாள் பேரும் முதல் ஓலையில் வரப்போகிறது என்று ஆதம்பாக்கத்து சொந்தக்காரர்கள் எல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிட்டார்கள். மூன்று ஞாயிறு சாமியார் பேர் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டால்தானே நமக்குக் கலியாணம். உன் அத்தை பெட்டியின் அடியிலிருந்து பட்டு எடுத்துக் கட்டியிருந்தாள். நான் அந்த வெயிலில் கோட்டு போட்டிருந்தேன். சாமியார் யார் யார் பேரையோ வாசித்தார். அவர்களுக்கெல்லாம் ஒரு ஆட்சேபமும் இல்லை. காகிதத்தை மடித்தார், திரும்பிவிட்டார். முன்னால் இருந்தவர்கள் மொத்தப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். பூசை முடிந்து உபதேசியார் வந்துதான் காதில் சொன்னார். சாந்தோமிலிருந்து பெண்ணின் அப்பா ஆள் அனுப்பி ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை சுங்கத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே கள்ளச் சரக்கை உள்ளே விடுகிற ஆளாம்.

நீ கேட்டது ஒரே கேள்வி. "மாமா, அவர்கிட்ட இன்னா சொன்னே?" நான் தொண்டையைச் செருமுவதற்குள் படியிறங்கிப் போய்விட்டாய். அன்றைக்குச் சொல்லவேண்டிய பதிலை இன்றைக்கு எழுதுகிறேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு மாற்றுகிற அன்று மாப்பிள்ளை வீட்டுத் தாம்பாளத்தில் பெண்ணின் அப்பாவுக்கென்று ஒரு சுருட்டுக் கட்டு வைப்போம். உன் அம்மாவின் வெற்றிலை பாக்கில் உன் அப்பா வீட்டார் வைத்த உறையூர்ச் சுருட்டின் வாசனை எங்கள் தெருவையே ஒரு மாதம் தூங்கவிடவில்லை. சரி, ஒரு வாரம். ஆனால் ஹெட்மாஸ்டர் சம்பந்திக்குப் போய்ச் சுருட்டா என்று எனக்கு யோசனை. மூக்குக் கண்ணாடி, அல்பாகா கோட்டு, மூன்று தலைமுறையாகப் பள்ளிக்கூடத்து உத்தியோகம், மகளும் டீச்சர். அவருக்கு டின் சிகரெட்தான் மரியாதை என்று முடிவு செய்தேன். ஐம்பது சிகரெட் அடைத்து, மூடியில் கத்தி வைத்து, திருகித் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருமே, அந்த டின். ஒன்று வைத்தால் ஒற்றையாக இருக்கும் என்று இரண்டு.

அந்த இரண்டு டின்னை எங்கே வாங்குவது? இருபது வருஷம் சிகரெட் ஏஜென்சிக்கு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். நெல்லூரிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் எந்த ஊரில் என்ன விலை, எந்தச் சுங்கம், எந்த முனிசிபாலிட்டி வண்டிக்கு எவ்வளவு பிடுங்குவான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மைசூர் சமஸ்தானத்துக்குள் போனால் ஒரு விலை, மலையாளத்தில் ஒரு விலை, புதுக்கோட்டையில் ஒரு காலத்தில் தனி விலை. ஒரே சிகரெட், ஒரே பேப்பர், ஒரே புகை. நடுவில் ஒரு மூங்கில் கம்பு குறுக்கே விழுந்தால் விலை ஏறிவிடும். பிரெஞ்சுக்காரன் ஆளுகிற பாண்டிச்சேரி எல்லாவற்றிலும் மலிவு. அங்கே கவர்னர் துரையே என்னிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கிப் பற்றவைத்திருக்கிறார். நீ புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. கவர்னர் இல்லை, கவர்னர் வீட்டு சமையல்காரர். ஆனால் தீப்பெட்டி என்னுடையது.

யுத்தத்தின்போது எடுத்திருந்த பாண்டிச்சேரி எல்லைச் சாவடியை இந்த வருஷம் திரும்பவும் போட்டுவிட்டார்கள். மதுவிலக்கு வேறு. பாண்டிச்சேரிக்குப் போய் வந்தேன் என்று யாராவது சொன்னாலே பஸ்ஸில் இருப்பவன் கண்ணடிக்கிறான். எனக்கு அங்கே தெரியாத கடையா? ஒரு நாள் போனால் பாதி விலையில் நாலு டின் கொண்டுவந்திருப்பேன். போகவில்லை. உன்னை அந்தச் சாவடிக்கே மாற்றப் போகிறார்கள் என்று நீ சொன்ன பிறகு, உன் மாமன் மடியில் அந்த ஊர்ச் சரக்கு இருக்கக்கூடாது என்று நானே எனக்கு உத்தரவு போட்டுக்கொண்டேன். தியாகராய நகரில் பனகல் பார்க்குக்கு எதிரே போய், வரிசையில் நின்று, கடைக்காரன் சொன்ன விலையை வரியோடு சேர்த்து, ஒரு அணா பேரம் பேசாமல் கொடுத்து வாங்கினேன். இருபது வருஷம் சிகரெட் விற்றவன் கடையில் நின்று முழு விலைக்குச் சிகரெட் வாங்கினான். ஏஜென்சி ஆட்களுக்குத் தெரிந்தால் இந்த ஜன்மத்துக்குச் சிரிப்பார்கள். கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வாங்கினேன், தெரிந்தவன் எவனாவது வருகிறானா என்று.

இதை அப்படியே சொல்லியிருக்கலாமே என்பாய். எப்படியடா சொல்வது? நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். சின்ன வயதில் உன்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? திரும்பும்போது சாவடியில் ஒரு நெட்டை ஆள் ஏறி, என் பையைக் காட்டி என்ன என்றான். கலெக்டர் பங்களாவுக்கு மருந்து, அவசரம், துரைசாணி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று நான் ஆரம்பித்தேன். துரைசாணிக்கு ஜுரம் ஏறுவதற்குள் நீ இருமினாய். என் புகை உனக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் இருமினாயோ, வேண்டுமென்றே இருமினாயோ, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. நான் நிறுத்திவிட்டேன். "சுருட்டு ரெண்டு கட்டுங்க" என்றேன். அவன் சிரித்துவிட்டு, வரியைக் கட்டச் சொல்லி விட்டுவிட்டான். அன்றிலிருந்து நாலு பேர் நடுவில் நான் நீட்டி முழக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு இருமல் கேட்கும். வெற்றிலை பாக்கு மாற்றும்போது மாப்பிள்ளை வரக்கூடாது என்று எந்தப் புத்திசாலி வழக்கம் வைத்தானோ, நீ அங்கே இல்லை. இருமுவதற்கு ஆளில்லை.

சாந்தோமில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தாம்பாளத்தை வைத்தோம். பழம், கற்கண்டு, புடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லார் கண்ணும் டின் மேல். ஹெட்மாஸ்டர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் இப்ப கிடைக்கறதே இல்லையே, ரொம்ப விலையாச்சே" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்த மனுஷன் 'விலை' என்று சொன்னதும் பனகல் பார்க் வரிசை என் கண் முன்னால் வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் என் வாய் சொல்லிற்று:

"விலையா? நமக்கு எதுக்கய்யா விலை? பாண்டிச்சேரி சரக்கு. நம்ம பையன் சுங்கத்துல இருக்கறப்ப சாவடியில எவன் கேப்பான்?"

நம் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். உன் அத்தை மட்டும் என் விலாவில் இடித்தாள். அவர்கள் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் டின்னை எடுத்த இடத்திலேயே வைத்தார். காப்பி வந்தது, கேக்கு வந்தது, கும்பிட்டு அனுப்பினார்கள். நானும் பிரமாதமாக நடந்தது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன்.

இப்போது எனக்கு ஆத்திரம் வருவது எதனால் தெரியுமா? இதையே நம் சைதாப்பேட்டையில் சொல்லிப் பார். "மாமா, நமக்கும் ஒரு டின் சொல்லு" என்பான் கறிக்கடைக்காரன். கோர்ட்டுக்கு வருகிற வக்கீல் குமாஸ்தாவே கேட்பான். பையன் ஆபீசில் செல்வாக்காக இருக்கிறான் என்பது இங்கே ஒரு பெருமை. நாலு மைல் தள்ளி சாந்தோமில் அதே வார்த்தை திருட்டு. சரக்குக்கு எல்லை தாண்டினால் விலை மாறுகிறது, அதற்காவது குறுக்கே ஒரு கம்பு இருக்கிறது, போர்டு இருக்கிறது, ஒருவன் நின்று கை காட்டுகிறான். பேச்சுக்கு எந்தத் தெருவில் கம்பு போட்டிருக்கிறார்கள் என்று ஒருவனும் சொல்வதில்லை.

புகைக்கும் அப்படித்தான். விசாகப்பட்டணம் பக்கம் பொம்பளைகள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு சுருட்டு பிடித்தபடி நாற்று நடுகிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சாமியார் சுருட்டும் கையுமாகச் செபமாலை சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். நம் மார்க்கெட்டில் வெற்றிலைக் கடைக் கயிற்று நெருப்பில் பீடி பற்றவைக்கிறவன் தாத்தா வந்தாலும் ஒளிக்க மாட்டான். தியாகராய நகரில் காலேஜ் பையன்கள் பார்க்கைச் சுற்றி ஊதிக்கொண்டே நடக்கிறார்கள், அப்பா எதிரே வந்தால் மட்டும் கைக்குள் மூடிச் சுட்டுக்கொள்கிறார்கள். அடையாற்றுப் பங்களாக்களில் டின்னைத் திறந்து மேஜை மேல் வைத்து, வருகிறவனுக்கெல்லாம் நீட்டுகிறார்கள். மயிலாப்பூர்க் குளத்தங்கரைக்குப் போ. பெரியவர் அங்கவஸ்திரம் முழுக்க மூக்குப்பொடிக் கறை, அது ஆசாரத்தோடு சேர்ந்தது. பேரன் சட்டைப் பையில் ஒரு சிகரெட் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. இவை எல்லாம் எனக்குத் தெரியும். எந்தத் தெருவில் எந்த டின்னை முன்னால் நீட்ட வேண்டும், எதைப் பைக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று தெரிந்துதானே இருபது வருஷம் வியாபாரம் பண்ணினேன். சொந்த வீட்டுக் கலியாணத்தில் போய் அது தெரியாமல் போயிற்று.

நீ போன பிறகு ஒரு நாள் கூடச் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாந்தோம் போனேன். ஹெட்மாஸ்டர் வாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உட்காரச் சொன்னார், அந்த மட்டும் மரியாதை. நான் சுற்றி வளைக்கவில்லை. அய்யா, அந்த டின் பாண்டிச்சேரி இல்லை, பனகல் பார்க், முழு விலை, பையனுக்கு ஒன்றுமே தெரியாது, அவன் பீடி கூடத் தொட்டவனில்லை என்றேன். என் ஆயுசில் இத்தனை சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எதை நம்பறது? அன்னைக்குச் சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க. உண்மையைத்தான் மனுஷன் அப்படிச் சிரிச்சிக்கிட்டு சொல்லுவான்."

எப்படி இருக்கிறது பார். வாழ்நாள் முழுக்க மசாலாப் பொடி தூவிப் பேசினேன், எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரே ஒரு தடவை பச்சையாக உண்மையைச் சொன்னேன், நம்ப ஆளில்லை. கடைக்காரனைக் கூட்டி வரட்டுமா என்றேன். சிகரெட் ஏஜென்சியில் இருந்தவருக்கு எந்தக் கடைக்காரன் வேண்டுமானாலும் சாட்சி சொல்லுவான் என்றார். அதுவும் நியாயம்தான், போ. கடைசியில் எழுந்து நின்று ஒரு வழி சொன்னார். அன்றைக்குக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வருகிற ஞாயிறு சாந்தோம் கோவிலுக்குப் பூசைக்கு வருவார்களாம். பூசை முடிந்து வாசலில் அவர்கள் முன்னால் நான் இதைச் சொல்ல வேண்டுமாம். சபை நடுவில் சிரித்துக்கொண்டு சொன்ன மனுஷன் சபை நடுவில் சிரிக்காமல் சொன்னால் நம்புவாராம். மறு ஞாயிறு ஓலை. இல்லாவிட்டால் பெண்ணைப் பற்றி மறந்துவிடச் சொன்னார். அப்புறம் உள்ளே போய் அந்த இரண்டு டின்னையும் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இந்த வீட்டில் இது இருக்கக்கூடாது என்றார்.

நான் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். தெருமுனை வரைக்கும் வந்துவிட்டேன். கை சொல்லிற்று. எத்தனை ஆயிரம் டின் தூக்கிய கை, ஒன்று கனமாக இருக்கிறது, ஒன்று லேசாக இருக்கிறது. பேப்பரைப் பிரித்தேன். ஒன்றின் மூடி திருகப்பட்டிருக்கிறது. திறந்து பார்த்தால் கால்வாசி காலி. அந்தக் கிராம்பு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். கள்ளச் சரக்கு என்று சொல்லி உன் ஓலையை நிறுத்திய மனுஷன், அதைக் கள்ளச் சரக்கென்றே நம்பிக்கொண்டு, உட்கார்ந்து ஊதியிருக்கிறார். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, சின்னமலை மாதா சாட்சி. அப்படியே திரும்பினேன். அந்தக் கூடத்தில் நின்று, அக்கம்பக்கம் கேட்க, டின்னைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மறு வேலை என்று நாலு வீடு தாண்டிவிட்டேன்.

பிலோமினாள் எதிரே ஓடி வருகிறாள். நான் விட்டுவிட்டு வந்த குடை அவள் கையில். "மாமா, குடை" என்று நீட்டியவள் என் கையில் திறந்திருந்த டின்னைப் பார்த்தாள். முகம் ஒரு நொடி வெளுத்தது. ஒரே நொடிதான்.

"அது நான்தான் மாமா தொறந்தேன்," என்றாள். "பள்ளிக்கூடத்துல நாடகம் போடறோம். வெள்ளைக்கார துரை வேஷத்துக்கு சிகரெட் வேணும்னு எடுத்துக்கிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

ஆரோக்கியம், அந்தப் பெண் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. துரை வேஷமாம், நாடகமாம். யோசிக்க நேரமே இல்லாத இடத்தில் ஒரு துரையை உண்டாக்கி, அவன் வாயில் சிகரெட்டையும் வைத்துவிட்டாள். நான் நாற்பது வருஷமாக இந்தப் பொய்த் தொழிலில் இருக்கிறேன், இத்தனை சுத்தமாக ஒரு பொய்யை யாரும் என் முகத்தில் சொன்னதில்லை. அதுவும் தனக்கென்று ஒரு தூசி கேட்காமல், அப்பனின் தலை குனியக்கூடாது என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? துரை வேஷம் யாருக்கு, உயரமான பெண்ணுக்குக் கொடுக்கச் சொல் என்றேன். மூடியை அழுத்தி மூடினேன். குடையை வாங்கிக்கொண்டேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. திரும்பிப் போனாள். நான் மயிலாப்பூர்க் குளத்தங்கரை வரைக்கும் நடந்தே போய் டிராம் ஏறினேன். இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தாக வேண்டும். நீ இருமுகிற ஆள், அவள் கதை சொல்லுகிற ஆள். நான் போன பிறகும் வீடு கலகலவென்று இருக்கும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அந்த வாசலில் நின்று சொல்லப் போகிறேன். அத்தனை வாத்தியார்கள், அத்தனை கண்ணாடி, நடுவில் நான், கடையில் வரிசையில் நின்று முழு விலைக்குச் சிகரெட் வாங்கிய பழைய சிகரெட்டுக்காரன். ஏஜென்சி ஆட்கள் இரண்டு பேர் அந்தக் கோவிலுக்குத்தான் வருகிறார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். இருக்கட்டும்.

உன் அத்தை என்னை நம்பவில்லை. "நீ ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்" என்கிறாள். எனக்கே தெரியாது. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் இந்த நாக்கு சும்மா இருக்காது. கடைக்காரன் எனக்கு நாற்காலி போட்டான் என்று சொல்லத் தோன்றும். அதைவிட மோசம், அந்தக் கிராம்பும் லேசான டின்னும் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அது வெளியே விழுந்தால் அந்த மனுஷன் பிறகு பள்ளிக்கூடத்தில் நிமிர்ந்து நடக்க முடியாது, அந்தப் பெண்ணும் என்னை மாமா என்று கூப்பிட மாட்டாள். உனக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நீ என்னிடம் பேச வேண்டாம். கோபத்தோடேயே வா. பூசைக்குப் பிறகு கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் நில். பனகல் பார்க் கடையில் முழு விலை கொடுத்து வாங்கினேன், பையனுக்குத் தெரியாது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இதற்கு மேல் ஒரு வார்த்தைக்கு என் வாய் திறந்தால், நீ ஒரு தடவை இருமு. நான் நிறுத்திக்கொள்வேன்.

உன் மாமன்